"காஸ்ரிக்" என்று மட்டும் சொல்லும் நோயாளியிடம் எப்படி நோய் வரலாறு எடுப்பது?

மலைநாட்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஆஸ்பத்திரி விடுதிகளுக்குப் போய் நோயாளரிடம் வரலாறு எடுக்கத் தொடங்கி நான்கு மாதங்களாகின்றன. எனது ஊர் பதுளைக்கு அருகில் உள்ளது. வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும், யாழ்ப்பாணத்து முதியவர்கள் வயிற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பாதிச் சொற்கள் எனக்குப் புதியனவாக இருக்கின்றன. ஏவறை என்றால் ஏப்பம், சத்தி என்றால் வாந்தி, குளிசை என்றால் மாத்திரை என்பவற்றை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். ஆனால் சொற்கள் விளங்கிய பிறகும் வரலாறு கைக்கு அகப்படவில்லை.

சென்ற வாரம் தீவுப்பகுதியிலிருந்து வந்த, அறுபது வயதைத் தாண்டிய ஐயா ஒருவரிடம் வரலாறு எடுத்தேன். என்ன செய்கிறது என்று கேட்டதும், "காஸ்ரிக், பிள்ளை" என்றார். நான் படித்த ஒழுங்கின்படியே கேட்டேன்: நோ எங்கே, எப்போது தொடங்கியது, எப்படிப்பட்டது, எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. நடுநெஞ்சுக்குக் கீழே எரிவு, மூன்று மாதமாக இருக்கிறது என்றார். பிறகு பட்டியலைத் தொடர்ந்தேன். விழுங்குவதில் சிரமம் உண்டா என்றதற்கு இல்லை என்றார். சத்தி இல்லை. நிறை குறைந்ததா என்றதற்குத் தெரியாது என்றார். இரண்டு பக்கம் எழுதி, சாதாரண சமிபாட்டுக் கோளாறு என்று முடித்தேன்.

எங்கள் விரிவுரையாளர் கட்டிலருகே வந்து, "நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கள் ஐயா?" என்று கேட்டார். "கஞ்சிதான்" என்றார் அவர். காலையிலும் கஞ்சி, இரவிலும் கஞ்சி. எவ்வளவு நாளாக என்று கேட்டபோது, "ரண்டு மாதம் இருக்கும். சோறு இறங்குதில்லை, நெஞ்சுக்கை நிண்டுடுது. கஞ்சியெண்டால் சுகமாய்ப் போகும்" என்று, ஏதோ நல்ல உபாயத்தைக் கண்டுபிடித்தவர்போலச் சிரித்துக்கொண்டு சொன்னார். நாற்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறார் என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. தொண்டை வழியாகக் கமரா விட்டு உள்ளே பார்க்க (எண்டோஸ்கோப்பி) அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்கள்.

அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. கஞ்சியை விழுங்குவதில் அவருக்கு உண்மையாகவே சிரமம் இருக்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அவர் சரியான விடையைத்தான் சொன்னார் என்பதே எனக்குப் பெரும் உறுத்தலாக இருக்கிறது. முப்பது கேள்வி கேட்டும் கிடைக்காதது ஒரு கேள்வியில் எப்படிக் கிடைத்தது? வயிற்று நோய்களில் அனுபவமுள்ளவர்கள் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள், எதை எப்படிக் கேட்கிறீர்கள் என்று விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோப்பாயிலிருந்து ஓய்வுபெற்ற வைத்தியர்

பிள்ளை, உமது பட்டியலில் பிழையில்லை. அதைக் கையில் எடுத்த நேரந்தான் பிழை. நோயாளி "காஸ்ரிக்" என்று சொன்னால் அவர் உமக்கு ஒரு நோய்க்குறியையும் சொல்லவில்லை. தனக்குத் தானே வைத்துக்கொண்ட நோயின் பெயரையே சொல்கிறார். இந்தக் குடாநாட்டில் அந்த ஒரு சொல்லுக்குள் நெஞ்செரிவு, புளித்த ஏவறை, சாப்பிட்டதும் வயிறு ஊதுதல், பசி வந்தால் கைகால் நடுங்குதல், முதுகில் வாய்வு பிடித்தல், நெஞ்சு இறுகுதல் எல்லாம் அடங்கும். ஆகவே "காஸ்ரிக் எண்டால் உங்களுக்கு என்ன செய்யும்?" என்பதே என் முதற் கேள்வியாக இருந்தது. அதைக் கேட்டுவிட்டுப் பேனாவை வைத்துவிட வேண்டும்.

பேனாவை வைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 1984இல் அமெரிக்காவில் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, நோயாளி தன் முறைப்பாட்டைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கனில் வைத்தியர் குறுக்கிட்டிருந்தார். தொடங்கியதைச் சொல்லி முடித்தவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாகவே நெடுங்காலம் இருந்தேன். இத்தனைக்கும் வரலாற்றின் பெறுமதியைக் காட்டும் ஆய்வு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1975இல் பிரித்தானியாவில் 80 புதிய வெளிநோயாளரைப் பார்த்த வைத்தியர்கள், உடலைத் தொட்டுப் பார்க்கவும் இரத்தம் எடுக்கவும் முன்னர், கடிதத்தையும் வரலாற்றையும் மட்டும் வைத்து எழுதிய முடிவு 66 பேரில் இறுதிவரை மாறவில்லை.

அவர் சொல்லி முடித்த பின்னர், அவருடைய ஒரு நாளை எழுந்த நேரத்திலிருந்து படுக்கும் நேரம் வரை சொல்லச் சொல்லும். உமது விரிவுரையாளர் செய்தது அதுதான். மனிதர்கள் உபாதையை மெல்ல மெல்லத் தங்கள் பழக்கத்துக்குள் மறைத்துவிடுவார்கள், "சிரமம் உண்டா" என்று கேட்டால் அகப்படாதது, "முன்பு சாப்பிட்டு இப்போது விட்டது என்ன?" என்று கேட்டால் அகப்படும். சோற்றையும் புட்டையும் விட்டுக் கஞ்சிக்கும் சொதியில் ஊறவைத்த இடியப்பத்துக்கும் போனவருக்குக் களத்தில், அதாவது உணவுக்குழாயில், தடை இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். பொரியலையும் வடையையும் விட்டவரிடம் பித்தப்பைக் கல்லை நினைத்துக் கேட்க வேண்டும். இரவுச் சாப்பாட்டை விட்டு, கட்டிலையும் விட்டு, சாய்மனைக் கதிரையில் நித்திரை கொள்பவருக்கு அமிலம் மேலெழுகிறதா, அல்லது இதயம் பலவீனப்பட்டு மூச்சு முட்டுகிறதா என்று பிரித்தறிய வேண்டும். நள்ளிரவில் வயிறு கடித்து எழுந்து, இரண்டு பிஸ்கற்றும் ஒரு மிடறு பாலும் எடுத்தால் அடங்குகிறது என்பவரின் கதை முன்சிறுகுடற் புண்ணுக்குப் பொருந்தும். சாப்பிட்டால் குறையும் நோ முன்சிறுகுடலுக்கு, சாப்பிட்டால் கூடும் நோ இரைப்பைக்கு என்று பரீட்சைக்கு எழுதுவீர்கள். கட்டிலருகே அந்தப் பாகுபாட்டை அதிகம் நம்ப வேண்டாம்.

விழுங்கும் சிரமத்தைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்லவேண்டும், ஏனெனில் உமது நோயாளியின் கதை அதுதான். முதலில் கட்டியான உணவு, சில வாரங்களுக்குப் பிறகு குழைந்த சோறு, பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர் என்று படிப்படியாக இறங்கிவந்தால், குழாயை ஏதோ ஒன்று நாளுக்கு நாள் அடைத்துவருகிறது என்று பொருள். தொடக்கத்திலிருந்தே தண்ணீரும் சோறும் ஒரே மாதிரி நின்றால் களத்தின் அசைவில் கோளாறு இருக்கலாம். வாயிலிருந்து தொண்டைக்குத் தள்ளும்போதே புரைக்கேறி, தண்ணீர் மூக்கால் வருகிறதென்றால் நரம்பு சார்ந்த காரணத்தைத் தேட வேண்டும். "எவ்விடத்தில் நிற்கிறது, விரலால் காட்டுங்கள்" என்று கேட்கலாம்; ஆனால் அவர் காட்டும் இடத்துக்குக் கீழேயும் தடை இருக்கக்கூடும் என்பதை மறக்கக்கூடாது. புகையிலை போடுகிறீர்களா என்று தனியே கேட்டால் போதாது. பலர் புகையிலை என்றால் சுருட்டு என்று நினைத்து இல்லை என்பார்கள். "வெற்றிலைக்கு என்னென்ன சேர்ப்பீங்கள்?" என்று கேட்டால் பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் வரிசையாக வரும். வாயிலும் களத்திலும் புற்றுநோய் உண்டாக்குவதில் அந்தக் கலவைக்கு உள்ள பங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

நோவைப் பற்றிக் கேட்கும்போது வாயைவிடக் கையைப் பாரும். ஒற்றை விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுபவரும், உள்ளங்கையால் வயிறு முழுவதையும் தடவுபவரும், மேல்வயிற்றிலிருந்து தொண்டை நோக்கிக் கையை இழுப்பவரும், நெஞ்சின் நடுவில் முட்டியைப் பொத்தி வைப்பவரும் வேறு வேறு கதைகளையே சொல்கிறார்கள். இரைப்பையும் பித்தப்பையும் மேல்வயிற்றிலும், சிறுகுடல் தொப்புளைச் சுற்றியும், பெருங்குடலின் பிற்பகுதி அடிவயிற்றிலும் நோவை உணர்த்தும். அதனாலேயே குடல்வளரி (அப்பென்டிக்ஸ்) அழற்சியில் முதலில் தொப்புளைச் சுற்றி நொந்து, வயிற்றுச் சுவரின் உள்ளுறையில் அழற்சி பட்டதும் வலது அடிவயிற்றுக்கு நோ இறங்குகிறது. "இப்ப எங்கை நோகுது?" என்று மட்டும் கேட்பவருக்கு இந்த நகர்வு தெரியவராது, "துவங்கினபோது எங்கை இருந்தது?" என்றும் கேட்க வேண்டும். நோ வந்தபோது என்ன செய்தார் என்பதும் முக்கியம். சிறுநீர்க்கானில் கல் இறங்குபவர் ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் உருளுவார். குடல் வெடித்தவர் அசையமாட்டார். வாகனம் குழியில் விழுந்தெழுந்த ஒவ்வொரு முறையும் உயிர் போனது என்பார். சதையி (கணையம்) அழற்சி உள்ளவர் முன்னால் குனிந்திருந்தால் சற்று ஆறுதல் என்பார்.

இடையில் ஒரு கிளைக்கதை. என் இளமையில் குடற்புண்ணுக்குக் காரணம் உறைப்பு, புளிப்பு, விரதம், கவலை என்றுதான் நோயாளரும் நாங்களும் ஒருமித்து நம்பினோம். 1982இல் அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷலும் ரொபின் வாரனும் இரைப்பையில் வாழும் பற்றீரியாவைக் கண்டுபிடித்து, அதற்காக 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்ற அந்தக் கிருமியும் நோக்குளிசைகளுமே பெரும்பாலான புண்களுக்குக் காரணம். ஆனாலும் நோயாளி இன்றும் மிளகாய்த்தூளைத்தான் குற்றம் சொல்வார். அதை மறுத்து வாதாடாமல் கேட்டுக்கொள்ளும். அவர் தன் நோய்க்கு எதைக் காரணமாக நினைக்கிறார் என்பதும், எதற்குப் பயப்படுகிறார் என்பதும் வரலாற்றின் பகுதியே. கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். "புற்றுநோயோ எண்டு யோசிச்சீங்களோ?" என்று கேட்டபோது கண்கலங்கி, முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

விடுதித் தாதி

ஐயா எழுதியவற்றோடு, கழிப்பறைப் பக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மாணவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "மலம் சாதாரணமாகப் போகிறதா?" என்று கேட்டு, "ஓம்" என்ற விடையை வாங்கிக்கொண்டு அவசரமாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஒருவருக்குச் சாதாரணம் என்பது நாளுக்கு மூன்று தடவை, இன்னொருவருக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை. முன்பு எப்படி, இப்போது எப்படி என்று கேட்டால்தான் மாற்றம் தெரியும். "வெளிக்குப் போறது" என்று கேட்டால் முதியவர்களுக்கு வெட்கம் இருக்காது. ஆட்டுப்புழுக்கை மாதிரியா, வாழைப்பழம் மாதிரியா, கூழ் மாதிரியா, தனித் தண்ணீரா என்று கேளுங்கள். மலத்தின் வடிவத்தை வகைப்படுத்தும் உங்களுடைய பிரிஸ்ரல் அட்டவணையின் ஏழு வகையும் எங்கள் ஊர்ப் பேச்சில் ஏற்கெனவே இருக்கின்றன. வயிற்றோட்டத்தையும் வயிற்றுளைவையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள். வயிற்றுளைவு என்று ஒருவர் சொன்னால் முறுக்கி நொந்து, சளியோ இரத்தமோ கலந்து, சிறிது சிறிதாகப் போகிறது என்று பொருள். போய் வந்த பிறகும் இன்னும் இருப்பதுபோல முட்டும். இரவில் நித்திரையைக் குழப்பி எழுப்புகிற வயிற்றோட்டத்தைப் பதற்றத்தால் வருவதென்று தள்ளிவிடக்கூடாது.

கறுப்பாகப் போகிறதா என்ற கேள்விக்கும் எச்சரிக்கை தேவை. பலர் பார்ப்பதே இல்லை. விடிவதற்கு முன் இருட்டில் போய், வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுவார்கள். கண்புரை உள்ள அம்மாமாருக்குப் பார்த்தாலும் தெரியாது. நான் "தார் மாதிரி ஒட்டுதோ, ஊத்தினால் தண்ணியோட போகாமல் நிக்குதோ, வழமையில்லாத கெட்ட மணமோ?" என்று கேட்பேன். நிறத்தைக் காணாதவரும் மணத்தை மறக்கமாட்டார். இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவருக்கும் கறுக்கும். ஆனால் அது தார்போல ஒட்டுவதில்லை, அந்த நாற்றமும் இல்லை. சிவந்த இரத்தம் என்றால் மலத்தோடு கலந்து வருகிறதா, மேலே பூசினாற்போல இருக்கிறதா, போன பிறகு சொட்டுகிறதா என்று கேட்கவேண்டும். "மூலம்" என்று அவர்கள் சொன்னவுடன் மூலம் என்று எழுதிவிடுவது, காஸ்ரிக் என்று எழுதிவிடுவதைப் போன்றதே.

பெண் நோயாளரிடம் இன்னொன்று. மாமியாரோ கணவரோ பக்கத்தில் நிற்கும்போது மாதவிடாயைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. அவர்களைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டு, கடைசியாகக் குளித்த (மாதவிடாய் வந்த) திகதியைக் கேளுங்கள், "முழுகாமல் (கர்ப்பமாக) இருக்கிறீங்களோ?" என்றும் நேரே கேளுங்கள். அடிவயிற்று நோவோடு தலைசுற்றி விழுந்த இளம்பெண்ணுக்குக் கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம் என்பதைத் திருமணமாகவில்லை என்ற காரணத்துக்காக எவரும் கேட்காமல் விடக்கூடாது.

பருத்தித்துறைக் குடும்ப வைத்தியர்

மூத்த வைத்தியரின் பதிவை விருப்பத்தோடு வாசித்தேன். ஒன்றில் மட்டும் சற்று வேறுபடுகிறேன். வெளியே வாங்கில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது ஒவ்வொருவரின் ஒரு நாளையும் முழுதாகக் கேட்க முடியாது. ஆகவே சில கேள்விகளை நான் எந்த நெருக்கடியிலும் விடுவதில்லை. அவற்றில் முதலாவது இதயத்தைப் பற்றியது. "காஸ்ரிக்" என்று வந்து, அமிலக் குளிசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மாரடைப்பில் இறந்தவர்களின் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. இதயத்தின் கீழ்ப்புறத்தில் வரும் மாரடைப்பு மேல்வயிற்று நோவாகவும் சத்தியாகவும் வெளிப்படலாம்; நீரிழிவு உள்ளவர்களிலும் பெண்களிலும் முதியவர்களிலும் நெஞ்சு நோ இல்லாமலே வரலாம். சாப்பாட்டோடு சம்பந்தமா, நடையோடு சம்பந்தமா என்பதே பிரிக்கும் கேள்வி. "கிணத்திலை தண்ணி அள்ளேக்கை, சைக்கிள் உழக்கேக்கை வருதோ? நிண்டால் குறையுதோ?" என்று கேட்கிறேன். வியர்த்ததா என்றும் கேட்கிறேன். ஐயம் இருந்தால் வரலாற்றை அங்கேயே நிறுத்திவிட்டு ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும், மிச்சத்தைப் பிறகு கேட்கலாம்.

இரண்டாவது குளிசைகள். "வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்றால் இல்லை என்பார்கள், ஏனெனில் முழங்கால் நோவுக்குப் பாமசியில் சொல்லி வாங்கும் குளிசை அவர்களுக்கு மருந்துக் கணக்கில் வருவதில்லை. "நோவுக்கு என்ன போடுவீங்கள்?" என்று தனியாகக் கேட்கவேண்டும். டைக்குளோபெனாக், இபுபுரோபென், இதயத்துக்குக் கொடுத்த அஸ்பிரின் ஆகியவை இரைப்பையைப் புண்ணாக்கும். மெற்போமின் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். பெயர் தெரியாதவரிடம் பையையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பரியாரியாரின் (நாட்டு வைத்தியரின்) சூரணமும் லேகியமும் அந்தப் பையில் இருக்காது. அவற்றைப் பழிக்காத குரலில் கேட்டால்தான் சொல்வார்கள்.

மூன்றாவது குடி. வடமராட்சியில் "குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டால், "சீச்சீ, இல்லை டொக்டர், கள்ளு மட்டுந்தான்" என்று விடை வரும். கள்ளையும் சாராயத்தையும் தனித்தனியே, போத்தல் கணக்கில் கேட்கவேண்டும். கால் போத்தல் சாராயம் என்றால் 180 மில்லிலீற்றர்; அதில் மூன்றில் ஒரு பங்கு மதுசாரம் என்று கொண்டால் ஏறத்தாழ 60 மில்லிலீற்றர், அதாவது 47 கிராமளவு தூய மதுசாரம். ஒவ்வொரு மாலையும் கால் போத்தல் என்பவர் அதைச் "சாடையாய்" (கொஞ்சமாய்) எடுப்பதாகத்தான் சொல்வார். சாடையாய் என்பதை வரலாற்றில் எழுதுவதில் பயனில்லை. போத்தலையும் நாளையும் எழுதுங்கள்.

காய்ச்சலும் சேர்ந்திருந்தால் தண்ணீரைக் கேளுங்கள். நாங்கள் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறோம். மலசலகூடக் குழியின் கசிவு கிணற்றுக்கு வந்துசேர அதிக நேரம் தேவையில்லை. எந்தக் கிணறு, கொதிக்கவைத்ததா, வீட்டில் வேறு எவருக்காவது இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்கவேண்டும். நெருப்புக்காய்ச்சலில் (தைபொயிட்) முதலில் மலச்சிக்கல் இருக்கலாம் என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். செங்கமாரி (மஞ்சட்காமாலை) என்று ஐயம் வந்தால் சலம் (சிறுநீர்) பிளேன்ரீ நிறத்திலா, மலம் வெளிறிவிட்டதா, உடம்பு அரிக்கிறதா என்று கேளுங்கள்; வெளிறலும் அரிப்பும் பித்தம் இறங்கும் வழி அடைபட்டிருப்பதைக் காட்டும்.

நிறை குறைந்ததா என்ற கேள்விக்கு உங்கள் நோயாளி தெரியாது என்றது இயல்பே. வீட்டில் தராசு வைத்திருப்பவர் யார்? காப்பு கழன்று விழுகிறதா, சட்டை தொளதொளக்கிறதா, பெல்ற்றில் புதிதாக ஓட்டை போட்டீர்களா, ஊருக்கு வந்த உறவினர் "என்ன இப்பிடி இளைச்சுப் போனாய்?" என்று கேட்டார்களா என்று விசாரியுங்கள்.

ஒரு மகள்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். அப்பாவை இரண்டு வருடம் வைத்தியரிடம் கூட்டிப் போனவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாமா? ஒவ்வொரு முறையும் கேள்விகளுக்கு நானே பதில் சொன்னேன். அப்பாவுக்குக் காது சற்று மந்தம், மெதுவாகப் பேசுவார். டொக்டரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்கு. ஒருநாள் புதிதாக வந்த இளம் வைத்தியர் ஒருவர், "அக்கா, நீங்கள் சொல்லுறதைப் பிறகு கேட்கிறன், முதல் அப்பா சொல்லட்டும்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, கதிரையை அவருடைய காதுக்கு அருகே இழுத்துப் போட்டார். கந்தசஷ்டி விரதத்தில் ஆறு நாளும் தண்ணீரோடு இருந்தபோதுதான் தனக்கு வயிறு நோகவேயில்லை என்று அப்பா சொன்னார். விரதம் முடிந்து சாப்பிடத் தொடங்கியதும், முக்கால் மணித்தியாலத்தில் நோ வந்ததாம். அதற்குப் பயந்தே அவர் சாப்பாட்டைக் குறைத்திருந்தார். நாங்கள் வயதானால் பசி குறையும் என்று எண்ணியிருந்தோம். அந்தக் கதையையும் அவருடைய பழைய இதய நோயையும் சேர்த்துப் பார்த்து, குடலுக்குப் போகும் இரத்தக் குழாயில் ஒடுக்கம் இருக்கிறதென்று ஸ்கான் எடுத்துக் கண்டுபிடித்தார்கள்.

மலைநாட்டு மாணவி

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று நாற்பத்தைந்து வயது அம்மா ஒருவரிடம் பட்டியலை மூடிவைத்துவிட்டு, எதைச் சாப்பிடாமல் விட்டீர்கள் என்று கேட்டேன். கோயில் வடையையும் கலியாண வீட்டுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாராம். கடைசியாகச் சாப்பிட்ட இரவு வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய நோ வலது தோட்பட்டைக்குப் பின்னால் போய், மூன்று மணித்தியாலம் நின்று தானாக அடங்கியிருக்கிறது. அவரும் அதைக் காஸ்ரிக் என்றே சொன்னார். ஸ்கானுக்கு எழுதியிருக்கிறார்கள்.

ஒரு சிறிய சந்தேகம். வரலாற்றை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். "நெஞ்சுக்கை நிண்டுடுது" என்பதை ஆங்கிலச் சொல்லாக மாற்றியதும் அதில் ஏதோ குறைந்துபோவதுபோல இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

கோப்பாயிலிருந்து ஓய்வுபெற்ற வைத்தியர்

முதல் வரியில் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே, தமிழிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதும். அதன் கீழே உமது ஆங்கிலச் சொல்லை எழுதும். அப்போது அடுத்து வருபவர் உமது மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கலாம். இதைக் கண்டு எவராவது முகம் சுளித்தால், 1847இல் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் கற்பித்தவர் என்று ஞாபகப்படுத்தும். ஒரு வரி தமிழில் இருப்பதால் உமது கொப்பி கெட்டுவிடாது.

உமது தீவுப்பகுதி ஐயாவிடம் மீண்டும் போய்ப் பார்த்தீரா?

மலைநாட்டு மாணவி

இன்று காலை போனேன் ஐயா. கமரா வியாழக்கிழமை என்று திகதி கொடுத்திருக்கிறார்கள். கஞ்சி எப்படிப் போகிறது என்று கேட்டேன். "வடிச்சுத்தான் குடிக்கிறன், பிள்ளை" என்றார். பெல்ற்றையும் காட்டச் சொன்னேன். ஆணியால் குத்திய இரண்டு புதிய ஓட்டைகள் இருந்தன. அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதி, ஓட்டைகளின் எண்ணிக்கையையும் எழுதி, வியாழன் வரை காத்திருக்கலாமா என்று விரிவுரையாளரிடம் கேட்டேன். தான் பேசிப் பார்ப்பதாகச் சொல்லிக் கொப்பியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.